ம் கொட்ட ஓர் ஆள்

"பிடுங்கு," என்றார் வரதராஜுலு.

செலின் பிடுங்கினாள்.

மேஜைமேல் ஒரு ரப்பர் கழுத்து. அதில் மாட்டியிருந்த பட்டை, "ஒன்று, இரண்டு, மூன்று, நா..." என்பதோடு நின்றது. அதன் ஓரத்தில் இருந்த பச்சை விளக்கு மட்டும், ஊரே தீப்பிடித்தாலும் தனக்கென்ன என்பது போல எரிந்துகொண்டிருந்தது.

"மாட்டு."

மெல்லிய சாம்பல் நிற வயரைப் பட்டையின் பக்கவாட்டுத் துளையில் சொருகினாள். மறுமுனை அவளுடைய லேப்டாப்பில் இருந்தது.

"...ன்கு, ஐந்து, ஆறு," என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது பட்டை.

வரதராஜுலு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, நாற்காலி அவரை வாங்கிக்கொண்டது என்பது சரி. பதினோரு வருஷ உழைப்பு அந்தப் பட்டை. பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களின் கழுத்தில் கட்டினால், தொண்டைக்கும் நாக்குக்கும் போகிற நரம்புச் செய்திகளைப் படித்து, அவர்களுடைய பழைய குரலிலேயே பேசும். பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. வருகிற திங்கட்கிழமை முதல் விநியோகம்.

"நம்ம பட்டை எல்லாமே இப்படியா?"

"இல்ல சார். சோதனைக்குன்னு முதல்ல கட்டிவிட்ட நாச்சிமுத்துவோடது மட்டும்தான். இந்த ரப்பர் கழுத்துல ஓடுறது அவருக்கு ஏத்தின அதே புரோகிராம். சோதனைப் பதிப்பு. அவசரத்துல ஒரு ஸ்விட்சை அணைக்காம ஏத்திட்டேன்."

"எப்பக் கண்டுபிடிச்ச?"

"இன்னிக்குக் காலையில சார்."

சொல்லிக்கொண்டே லேப்டாப்பைப் பைக்குள் திணித்தாள். மணி ஒன்பது பத்து. பொள்ளாச்சியில் விசாரணை பதினொன்றுக்கு.

"எங்க போற?"

"சொன்னேனே சார். அவர் சம்சாரம் காலையில போன் பண்ணினாங்க. புருஷனை வாய்பேச விடாம கொடுமைப்படுத்தறாங்கன்னு அந்தம்மா மேல கேஸ். அவர் நம்ம கிளினிக்ல பேசறார், வீட்ல பேசலை. அதுதான் சாட்சி. வீட்ல ஏன் பேசலைன்னு இப்ப நமக்குத் தெரியுமே சார்!"

"தெரியும்." வரதராஜுலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் ஏதோ ஒரு கதவு சாத்தப்படுகிறது என்று அர்த்தம். "அனுமதிக் கமிட்டிக்கு நாம காட்டினது யார் கழுத்துல இருந்த பட்டை?"

செலின் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நாச்சிமுத்து கழுத்துல இருந்தது. வயரோட. அதுல கோளாறுன்னு ஒரு காகிதத்துல ஏறிச்சுன்னா அனுமதி ரத்து. முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ரெண்டு வருஷம். லிஸ்ட்ல நானூத்திப் பன்னண்டு பேர் இருக்காங்கம்மா. ஒருத்தர் பெரியவர், பேத்தி பேரைச் சொல்லிட்டுச் செத்துப் போயிடறேன்னு எழுதிக் காட்டறார். ரெண்டு வருஷம் இருப்பாரா?"

"அப்ப அந்தம்மா?"

"போ. யார் வேண்டாம்னது? வயரை மாட்டு, பேச வை. 'என் சம்சாரம் நல்லவ'ன்னு அவர் வாயாலயே சொல்லட்டும். கேஸ் முடிஞ்சுது. வயரைக் கழட்டிட்டு வா. புரோகிராமை மாத்த என் கையெழுத்துதானே வேணும்? அப்புறம் சத்தமில்லாம மாத்திக்கலாம். ஏன், எதுக்கு, எப்படின்னு விளக்கம் வேண்டாம். புரியுதா?"

"புரியுது சார்."

நன்றாகவே புரிந்தது. தப்பு செய்தவளுக்கு இத்தனை சுலபமான வழியை யாரும் காட்டியதில்லை.

*

டிரைவர் இல்லாத டாக்ஸி. ஆனால் வாய் மட்டும் இருந்தது. "வணக்கம் செலின். சீட் பெல்ட் அணியுங்கள். இன்றைய வெயில் முப்பத்தாறு டிகிரி. வழியில் இளநீர் வேண்டுமா?"

"வாயை மூடு," என்றாள்.

"மன்னிக்கவும். வாயை மூடும் வசதி பிரீமியம் பயணிகளுக்கு மட்டும்."

ஈச்சனாரி தாண்டும்வரை அது பேசிக்கொண்டே வந்தது. உலகத்தில் சோற்றுப் பானை பேசுகிறது, லிஃப்ட் பேசுகிறது, செருப்பு கூடப் பேசுகிறது. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இருபத்தெட்டு வருஷம் மைக் பிடித்த ஒரு மனுஷனுக்கு மட்டும், மனைவி பெயரை முழுசாகச் சொல்ல வழியில்லை.

காலை எட்டு மணிக்கு வந்த போன் காதிலேயே இருந்தது.

"ஏனுங் அம்மிணி, நான் தெய்வானை பேசறனுங்க. பஸ் ஸ்டாண்ட் நாச்சிமுத்து சம்சாரம். இன்னைக்கு விசாரணைங்க. அவரை என்கிட்ட இருந்து பிரிச்சு அவரு அக்கா எழுதி வாங்கிக்கறாங்களாமா. அவரு உங்ககிட்ட மட்டுந்தானுங்களே பேசறாரு? நீங்க வந்து ஒரே ஒரு வார்த்தை பேச வெச்சுட்டுப் போயிருங்க. இவ என்னை ஒண்ணும் பண்ணலைன்னு. அது போதும்."

"அக்கா, அவர் வீட்ல பேசலைன்னா... பட்டையில ஏதாவது..."

"அதையுந்தான் கேட்டனுங்களே! மிஷினு ரிப்பேருங்களா மாமான்னு பத்துத் தடவை கேட்டிருப்பேன். இல்லைன்னு தலையாட்டறாரு. என்ற மேல கோவமான்னா அதுக்கும் இல்லைன்னு தலையாட்டறாரு. பின்ன என்னதானுங்க? என்ற வூட்டுல இருந்த வரைக்கும் தெனமும் காலைல பட்டையைக் கட்டி சுச்சுப் போட்டா 'தெய்'ம்பாரு. அதோட சரி. என்ற பேருல பாதிகூட வரலீங்களே. அத்தனை கசந்துட்டனாட்ட இருக்குதுங்க."

வர்றேன் அக்கா என்று மட்டும் சொல்லி செலின் போனை வைத்திருந்தாள்.

பேசும் கருவிகள் வரத் தொடங்கியபோதே சட்டமும் மாறியிருந்தது. கருவி வழியாகப் பேசினாலும் அது அவர் சொந்த வாக்குமூலம்தான் என்று ஒரு பிரிவு. நல்ல பிரிவு. அதற்கடுத்த பிரிவையும் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருந்தார்கள்: வெளியிடத்தில் பேசுகிறவர் வீட்டில் பேசாதிருந்தால், வீட்டில் அச்சம் இருப்பதாகக் கொள்ள வேண்டும். மாதாமாதம் பட்டையிலிருந்து சொல் எண்ணிக்கை எடுப்பார்கள். நாச்சிமுத்துவின் தாள் எளிமையாக இருந்தது. கிளினிக்கில் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சொற்கள். வீட்டில் ஐந்து மாதத்துக்கு ஒன்றுமில்லை.

ஜூனில் மனநல மருத்துவர் சுகிர்தா கிளினிக்குக்கு வந்தாள். பட்டையை அளவு பார்க்கும் அறைக்குள் வீட்டாருக்கு அனுமதி இல்லை. தெய்வானை வழக்கம்போல வெளியே கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே செலின் வயரை மாட்டிவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கேட்டாள்: "ஐயா, இங்க இவ்வளவு அழகாப் பேசறீங்க. வீட்ல ஏன் பேசறதில்லை?"

நாச்சிமுத்து தலையைத் திருப்பி செலினைப் பார்த்தார். செலின் லேப்டாப் திரையைப் பார்த்தாள்.

"வூட்டுல பேச்சு வரலீங்க," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கருவியை மனதில் வைத்துக் கேட்டால் அது ஒரு புகார். மனதை மனதில் வைத்துக் கேட்டால் அது ஒரு கண்ணீர். டாக்டர் சுகிர்தாவுக்கு மனதுதான் தொழில். 'வீட்டில் தனக்குப் பேச்சே வருவதில்லை என்று நோயாளி கூறுகிறார். கூறும்போது பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் நாள் நாச்சிமுத்துவின் அக்கா கருணாம்பிகை உடுமலையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து தம்பியை அழைத்துப் போய்விட்டாள்.

அந்தத் தாளின் நகல் செலினுக்கும் வந்தது. 'கருவியில் குறை ஏதும் உண்டா?' என்று ஒரு கட்டம். எதிரே 'இல்லை' என்று அவள் கையெழுத்து.

"கிணத்துக்கடவு," என்று அறிவித்தது டாக்ஸி. "மலைமேல் முருகன் கோவில் உள்ளது. வேண்டுதல் ஏதும் உண்டா?"

*

பராமரிப்பு நடுவர் அலுவலகம் ஒரு பழைய வாடகைக் கட்டடத்தின் மாடியில். நடுவர் மெஹருன்னிசாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பேனாவை மேஜையில் தட்டித் தட்டிக் கேட்பது பழக்கம். பக்கத்தில் குமாஸ்தா அருளாளன், தட்டச்சு விரல்களோடு தயாராக.

சக்கர நாற்காலியில் நாச்சிமுத்து. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மடியில் செத்துப்போன வலது கை, கழுத்தில் பட்டை. பச்சை விளக்கு எரிந்தது. செலினைப் பார்த்ததும் கண் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பதிலாக ஓர் அறை விட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நாற்காலிக்கு இந்தப் பக்கம் கருணாம்பிகை. அந்தப் பக்கம் நாலடி தள்ளி, கூப்பிட்டால்தான் வரலாம் என்பது போலச் சுவரோரமாகத் தெய்வானை.

"என்ற தம்பிங்க இவன்," கருணாம்பிகை சொல்லிக்கொண்டிருந்தாள். "பொழுது விடிஞ்சா பொழுது போனா பேச்சுத்தானுங்க. பஸ் ஸ்டாண்டுல பேசினது பத்தாதுன்னு வூட்டுக்கு வந்தும் 'சாம்பார் மூன்றாவது நடைமேடையில் நிற்கிறது'ம்பான். அப்படியாப்பட்டவன் இவ வூட்டுல அஞ்சு மாசம் வாயடைச்சுக் கெடந்தான். மைக்கு நல்லாருக்குதுங்கறாங்க, விளக்கு எரியுதுங்கறாங்க. இவ பேரை எடுக்கப் போனா நடுவுல நிறுத்திக்கறான். பயமில்லாம பின்ன என்னங்க?"

"நங்கையா..." என்று தெய்வானை நாத்தனாரைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள்.

"நீ பேசாத. உனக்கென்ன, உனக்கு வாய் இருக்குது."

மெஹருன்னிசா பேனாவால் தட்டினார். "உங்க வீட்ல மூணு வாரமா இருக்காரே. அங்க பேசினாரா?"

கருணாம்பிகை தயங்கினாள். "இன்னும் இல்லீங்க. பயந்தெளியோணுமில்ல."

"ம்." நடுவர் அதைக் குறித்துக்கொண்டார். "நீங்கதான் கம்பெனி ஆளா? அவரைப் பேச வைக்க முடியுமா?"

"முடியும் மேடம்."

செலின் லேப்டாப்பைத் திறந்தாள். வயரைப் பட்டையில் சொருகும்போது விரல் அவர் கழுத்தில் பட்டது. அவர் சன்னமாகத் தலையசைத்தார். பதற்றப்படாதீங்க என்பது போல.

திரையில் கர்சர் துடித்தது.

"பயணிகள் கவனத்திற்கு," என்றது பட்டை, மணியான கனத்த குரலில். "தெய்வானை. தெய்வானை. தெய்வானை."

சுவரோரம் நின்றவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். ஐந்து மாதத்தில் கதவு இடையில் இல்லாமல் அந்தக் குரலை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. அருளாளன் தட்டச்சை மறந்து உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, வணக்கமுங்க," என்றார் நாச்சிமுத்து நடுவரிடம். "என்ற சம்சாரத்து மேல ஒரு குத்தமும் இல்லீங்க. எனக்கு வாயில ஊட்டி, கால் கழுவி, எல்லாம் அவதானுங்க. எங்கக்கா பாசத்துல தப்பா நெனைச்சுட்டா. அவ மேலயும் குத்தமில்லீங்க."

செலினின் கை வயருக்குப் போனது. முடிந்தது. வயரைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம்.

"நல்லது," என்றார் மெஹருன்னிசா. "அப்ப ஒரு கேள்விதான். வீட்ல ஏன் இவங்ககிட்டப் பேசலை?"

நாச்சிமுத்துவின் தலை மெதுவாகத் திரும்பியது. செலினைப் பார்த்தார். ஜூனில் பார்த்த அதே பார்வை.

"வூட்டுல பேச்சு வரலீங்க."

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" கருணாம்பிகை எழுந்தாள். "அவ எதுக்க நிக்கறா, அதனால நல்லவன்னு சொல்றான். ஏன்னு கேட்டா வாயைக் கட்டிக்கறான்."

"பயமா ஐயா?"

"இல்லீங்க."

"கோபமா?"

"அய்யய்யோ, இல்லீங்க."

"பின்னே?"

"வரலீங்க." குரல் இறங்கியது. "அவ்வளவுதானுங்க."

பேனா இரண்டு முறை தட்டியது. மெஹருன்னிசா தாளைத் தன் பக்கம் இழுத்தார். தெய்வானை சுவரோடு சுவராக, நெற்றியில் அடிபட்ட மாடு போல அசையாமல் நின்றாள். கேள்வி கேட்கிறவர் நல்லவர், பதில் சொல்கிறவர் நல்லவர், எழுதப்போகிற உத்தரவு மட்டும் அநியாயம். இன்னும் நான்கு வரியில் அது எழுதப்பட்டுவிடும்.

"மேடம்," என்றாள் செலின். "அவரை ஏதாவது அறிவிப்பு சொல்லச் சொல்லுங்க. நீளமா."

"எதுக்கு?"

"சொல்லச் சொல்லுங்க."

நாச்சிமுத்துவுக்குக் காரணம் தேவைப்படவில்லை. "பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக மதுரை செல்லும் பேருந்து, நான்காவது நடைமே..."

செலின் வயரைப் பிடுங்கியிருந்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது. நாச்சிமுத்துவின் தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை. அறையில் மின்விசிறி மட்டும் பேசியது.

"அணைச்சுட்டாளுங்க!" என்றாள் கருணாம்பிகை.

"நான் எதையும் அணைக்கலைங்க. இந்த வயர்ல கரண்ட் போகலை. பேட்டரி பட்டைக்குள்ளயே இருக்கு." செலின் நடுவரைப் பார்த்தாள். "மேடம், கம்ப்யூட்டர் ஏதாவது சொல்லணும்னா எங்க சொல்லும்?"

"ஸ்கிரீன்ல."

"இதுக்குள்ள இருக்கிற சிப்புக்கு ஸ்கிரீன் கிடையாது. சுண்டுவிரல் நகத்துல பாதி. உள்ள என்ன நடக்குதுன்னு எழுதினவங்களுக்கே தெரியாது. அதனால சோதிக்கிறப்ப ஒண்ணு பண்ணுவோம். ஸ்கிரீனுக்குப் போக வேண்டிய எழுத்தையெல்லாம் இந்த வயர்ப் பக்கம் திருப்பி விட்டுருவோம். சீரியல் போர்ட்னு பேரு. ஒவ்வொரு வார்த்தை பேசும்போதும், 'இந்த வார்த்தை பேசறேன்'னு வயர் வழியா ஒரு வரி சொல்லும். இந்த லேப்டாப்ல அது அப்படியே பதிவாகும்."

"சரி."

"நாம கதை சொன்னா எதிர்ல ஒருத்தர் ம் கொட்டணும் இல்லையா? ம் வந்தாத்தான் அடுத்த வரி சொல்லுவோம். இதுவும் அப்படித்தான். அந்தப் பக்கம் ஆள் தயாரா இருக்கான்னு பாத்துப் பாத்து ஒவ்வொரு எழுத்தா அனுப்பும். தயார்னு பதில் வரலைன்னா நிக்கும்."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"பதில் வர்ற வரைக்கும்."

"பேச்சுமா நிக்கும்?"

"ஒரே சிப்புதான் மேடம். வயருக்குச் சொல்றதும் அதுதான், பேசறதும் அதுதான். ம் வரும் வரும்னு அது காத்துக்கிட்டிருந்தா, இவர் வாய் யார் கையில இருக்கு? ஆரம்பத்துல மட்டும் கொஞ்சம் எழுத்துக்கு இடம் இருக்கும். அது ரொம்புற வரைக்கும் ஓடும். அதனாலதான் தெனமும் காலையில 'தெய்' வரைக்கும் வந்துச்சு. விளக்கை எரிய வைக்கிறது வேற தனிச் சுற்று. அது பாட்டுக்கு எரியும்."

கருணாம்பிகை தம்பியின் கழுத்தைப் பார்த்தாள், பிறகு தன் கைகளை.

"சோதனை முடிஞ்சதும் அந்த வயர்ப் பக்கம் பேசறதை நிறுத்திட்டுத்தான் கொடுக்கணும்," என்றாள் செலின். "இவருக்கு நிறுத்தாம கொடுத்துட்டேன். நான்தான். இவரோட பட்டை மட்டும்தான் இப்படி."

"அஞ்சு மாசமா உங்க கம்பெனியில ஒருத்தர்கூட இதைச் சோதிச்சுப் பாக்கலையா?"

"மாசாமாசம் சோதிச்சோம் மேடம். வயரை மாட்டித்தான் சோதிப்போம். மாட்டலைன்னா சோதிச்சதுக்கு அத்தாட்சி இருக்காது."

"அதாவது, பாக்க ஆள் வந்தா ஒழுங்கா நடக்கும்."

"எல்லா ஆபீசும் அப்படித்தானுங்க மேடம்," என்று வாய்விட்டுவிட்ட அருளாளன், நடுவரின் பார்வை பட்டதும் அவசரமாகத் தட்டச்சுக்குத் திரும்பினான்.

"இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"இன்னிக்குக் காலையில," என்றாள் செலின்.

இரண்டாவது தடவை சொல்லும்போது அது இன்னும் எளிதாக வந்தது.

மெஹருன்னிசா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதத் தொடங்கினார். "அக்கா வீட்லயும் பேசலை. இங்கயும் வயரை எடுத்தா பேசலை. எனக்கு இது போதும். தெய்வானை அம்மா, உங்க மேல இருக்கிற மனு தள்ளுபடி. உங்க வீட்டுக்காரரை நீங்க கூட்டிக்கிட்டுப் போகலாம். கம்பெனி மேல என்ன நடவடிக்கைன்னு தனியா எழுதறேன்."

கருணாம்பிகை சட்டென்று குனிந்து தெய்வானையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "என்னை நாலு அடி அடிச்சுரு தெய்வானை. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு." சொன்ன வேகத்தில் அழுதாள்.

செலினின் பையில் போன் துடித்தது. வரதராஜுலு. 'முடிந்ததா? விளக்கம் கொடுக்காமல் கிளம்பு.' விளக்கம் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் பாதிதான். 'இன்று காலை தெரிய வந்தது' என்றால் அது கவனக்குறைவு. கவனக்குறைவுக்கு ஓர் அபராதம், ஓர் எச்சரிக்கை. அனுமதி பிழைத்தாலும் பிழைக்கும். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் பேசுவார்கள். தெய்வானைக்கும் நியாயம் கிடைத்துவிட்டது. யாருக்கும் எந்தப் பாக்கியும் இல்லை என்று நினைத்துக்கொண்டே வயரை மறுபடி பட்டையில் சொருகினாள், வீட்டுக்குப் போகுமுன் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று.

தெய்வானை நாற்காலியின் முன்னால் வந்து முட்டி போட்டு உட்கார்ந்தாள். அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அழவில்லை.

"ஏனுங் மாமா," என்றாள். "மிஷினு ரிப்பேருங்களான்னு நான் கேட்டனே. பத்துத் தடவை கேட்டனே. ஆமான்னு ஒரு தலையை ஆட்டியிருந்தா ஆகாதுங்களா? ஏன் இல்லைன்னு ஆட்டுனீங்க?"

வயர் மாட்டியிருந்தது. திரையில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. மறுமுனையில் ம் கொட்ட ஆள் இருந்தது.

நாச்சிமுத்து பேசவில்லை.

"குத்தவாளியாட்ட ஒறம்பறை சொந்தத்துக்கெல்லாம் முன்னால நின்னனே. 'அவ என்ன பண்ணாளோ'ன்னு எதுத்த வூட்டுல பேசறது காதுல விழுந்துச்சுங்களே உங்களுக்கும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது மிஷினுதான்னு. தெரிஞ்சும் சும்மா இருந்திருக்கறீங்க. என்னை அப்படியே வுட்டுட்டீங்க."

அவர் கண்ணில் நீர் நிறைந்தது. தலை மட்டும் மெல்லத் திரும்பியது, செலின் பக்கம். கேட்பது போல. அனுமதி கேட்பது போல.

"அங்க என்னத்தப் பாக்கறீங்க? என்னைப் பாத்துச் சொல்லுங்க."

பட்டை ஊமையாக இருந்தது. இந்தத் தடவை அதற்குக் காரணம் சிப் இல்லை, வயர் இல்லை. அந்த மனிதர் தானாக வாயை மூடிக்கொண்டிருந்தார். தெய்வானை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தள்ளுபடியான மனு இனி யாருக்கும் வேண்டாம். அந்த வீட்டுக்குள் இனி அவர்கள் பேசலாம், நாள் முழுக்கப் பேசலாம். இந்த ஒன்றைத் தவிர.

செலின் லேப்டாப்பைக் கையில் எடுத்தாள்.

"அக்கா, நீங்க தமிழ் படிப்பீங்கதானே?"

"எட்டாவது வரைக்குமுங்க. ஏனுங்க?"

"அவர் என்கிட்ட வந்து பேசினதெல்லாம் இதுல இருக்கு. முதல் நாள்ல இருந்து."

"வேண்டாமுங்க அம்மிணி," என்றது பட்டை.

நடுவர் நிமிர்ந்தார். கருணாம்பிகை அழுகையை நிறுத்தினாள்.

"வேண்டாமுங்க. முடிஞ்சு போச்சு. வுட்டுருங்க."

செலின் நிறுத்தவில்லை. பிப்ரவரி ஏழு என்ற பெயரில் இருந்த பதிவைத் திறந்தாள். கமிட்டி வருவதற்கு முந்தின நாள். கீழே கீழே தள்ளிக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தி, லேப்டாப்பைத் தெய்வானையின் கையில் கொடுத்தாள்.

"அவர் பேசினது மட்டும்தான் இதுல விழும். எதிர்ல இருந்தவங்க பேசினது இருக்காது."

"எதிர்ல யாருங்க இருந்தாங்க?"

"சத்தமாப் படிங்க அக்கா. மேடமும் கேக்கணும்."

தெய்வானை திரையைக் கண்ணருகே கொண்டுபோனாள். எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்து, கணவன் பேச்சைத் தன் குரலில் படித்தாள்.

"வயரைக் கழட்டுனா பேச்சு நின்னு போகுதுங்க அம்மிணி. இப்ப வராண்டாவுக்குப் போயிப் பேசிப் பாத்தேன். ஒரு எழுத்துக்கு மேல வரலீங்க."

"ஓ. நாளைக்கா கமிட்டி."

"நானூறு பேருங்களா? அத்தனை பேரும் என்னாட்ட வாயில்லாதவங்களா?"

"அழுகாதீங்க அம்மிணி. யாருக்குத்தான் தப்பு வராது. ரெண்டு வாரத்துல சரி பண்ணிருவீங்கங்கறீங்க, அப்பறம் என்ன."

"சரிங்க. நீங்க சொல்றாப்பலயே யாருகிட்டயும் சொல்லமாட்டனுங்க."

விரல் கடைசி வரிக்கு இறங்கியது. தெய்வானையின் குரல் அங்கே கொஞ்சம் தடுக்கியது, ஆனாலும் படித்து முடித்தாள்.

"தெய்வானை கேப்பா. கேட்டா, மிஷினு நல்லாத்தான் இருக்குதுன்னு தலையாட்டிக்கறேன். வாக்குக் குடுத்துட்டேன், போங்க."